மருந்து எடுக்காத சபையிலிருந்து பெரியாஸ்பத்திரி வரை

முதல் மாத்திரையை நான் விழுங்கியது 27 வயதில். 2018 நவம்பர், மதுரையில் ஒரு பெண்கள் விடுதி. பதற்ற நோய்க்குக் கொடுக்கிற செர்ட்ராலின் 50 மில்லிகிராம் மாத்திரையைப் பாதியாக உடைத்து, ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொல்லியிருந்தார்கள். நாக்கில் வைத்துத் தண்ணீர் குடித்தால் தண்ணீர்தான் உள்ளே போகிறது. மாத்திரை நாக்கிலேயே ஒட்டிக் கரைந்து கசக்கிறது. மூன்று டம்ளர் தண்ணீர் தீர்ந்தது. அறையில் கூட இருந்த தேனிக்கார அக்கா, "ஏம்மா, இத்தன வருசத்துல உனக்குக் காய்ச்சலே வந்ததில்லையா?" என்று கேட்டபடி ஒரு வாழைப்பழத்தை உரித்து, அதற்குள் மிச்சத்தைச் செருகி, பச்சைப்பிள்ளைக்கு ஊட்டுவதுபோல ஊட்டிவிட்டார்.

காய்ச்சல் வந்திருக்கிறது. மஞ்சள்காமாலைகூட வந்திருக்கிறது. மாத்திரை மட்டும் வந்ததில்லை.

நான் கோவில்பட்டிப் பக்கம். எங்கள் சபை ஒரு வீட்டுத் திண்ணையில் தொடங்கி, பிறகு தகரக் கொட்டகைக்கு வளர்ந்த சின்னக் கிறிஸ்தவச் சபை. நகை கிடையாது, பூ கிடையாது, டிவி கிடையாது, மருந்தும் கிடையாது. ஊசி போடுவது விசுவாசக் குறைவு. ஆஸ்பத்திரிக்குப் போவது பின்மாற்றம், அதாவது விசுவாசத்தை விட்டு விலகுவது. எல்லாச் சபையும் இப்படி என்று நான் சொல்ல வரவில்லை. 1900ல் வேலூரில் மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடரும் இதே வேதாகமத்தை வாசித்தவர்தான். மருத்துவம் பார்க்கப் பெண் டாக்டர் இல்லாமல் ஒரே ராத்திரியில் மூன்று பெண்கள் பிரசவத்தில் செத்துப்போனதைப் பார்த்துவிட்டு டாக்டருக்குப் படிக்கப் போனவர். அவரைப் பற்றி எங்கள் சபையில் ஒருநாளும் யாரும் பேசி நான் கேட்டதில்லை.

2009ல் நான் பிளஸ் டூ. அம்மாவுக்குக் காலில் கருவேல முள் குத்தியது. சர்க்கரை இருந்திருக்கிறது, இருக்கிறதா என்று பார்த்தவர்கள் யாருமில்லை. முள் எடுத்த இடம் ஆறவில்லை, விரல் கறுத்தது, பிறகு பாதம் வீங்கியது. பாஸ்டர் எண்ணெய் பூசி ஜெபித்தார். மூன்று நாள் உபவாசம் போட்டார்கள். அம்மாவும் உபவாசம் இருந்தார். அதை இப்போது எழுதும்போதும் கை நடுங்குகிறது.

அந்த நேரத்தில்தான் என் ஜியாமெட்ரி பாக்ஸில் ஒரு ஜோடிக் கம்மல் அகப்பட்டது. காது குத்தாத எனக்காகக் கூடப் படித்த பிள்ளை வாங்கித் தந்த பிரஸ் கம்மல், பச்சைக் கல் வைத்தது. ஒரு தடவை பள்ளிக்கூடக் கழிவறைக் கண்ணாடியில் போட்டுப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். கண்டெடுத்தது அத்தை, அப்பாவின் அக்கா. அந்த ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் ஆகானைப் பற்றி. யோசுவாவின் காலத்தில் வெள்ளியையும் பொன்னையும் கூடாரத்துக்குள் புதைத்து வைத்தவன். அவன் ஒருவனால் கூட்டமே தோற்றது. "பாளயத்துக்குள்ள ஆகான் இருக்குற வரைக்கும் சுகம் வராது" என்றார் பாஸ்டர். என் பெயரைச் சொல்லவில்லை. முப்பது தலைகள் என் பக்கம் திரும்பின. பதினோராம் நாள் அம்மா இறந்துபோனார்.

அதற்குப் பிறகு விடியற்காலை மில் சங்கு ஊதினால் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். கடைசி எக்காளம் எப்போது வேண்டுமானாலும் தொனிக்கும், ஆயத்தமானவர்கள் பரலோகத்துக்கு எடுத்துக்கொள்ளப்படுவார்கள், மற்றவர்கள் கைவிடப்படுவார்கள் என்று சின்ன வயசிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். சங்குச் சத்தம் கேட்டதும் இருட்டில் அப்பாவின் பாயைக் கையால் தடவி ஆள் இருக்கிறாரா என்று பார்ப்பேன்.

2014ல் மதுரையில் கணக்கு எழுதும் வேலை கிடைத்து வந்தேன். சபைக்குப் போவது குறைந்து, நின்றது. நம்பிக்கையும் மெல்ல மெல்லக் கழன்றுகொண்டது. அதில் பெரிய கதை ஒன்றும் இல்லை. எனக்கு விளங்காமல் போனது வேறு. நம்பிக்கை போய்விட்டது, பயம் போகவில்லை. விடுதிக்குப் பின்னால் ரயில் பாதை. ராத்திரி எஞ்சின் ஹாரன் அடித்தால் நெஞ்சு அடைத்துக்கொள்ளும், கை விறைக்கும், செத்துக்கொண்டிருக்கிறேன் என்றே தோன்றும். நரகம் இல்லை என்று மனசுக்குத் தெரியும். உடம்புக்குச் சொன்னால் உடம்பு கேட்பதாயில்லை. 2018ல் அலுவலகத்தில் தீ எச்சரிக்கை மணியைச் சோதித்துப் பார்த்த அன்று, பில் கட்டோடு மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் உதவி தேடினேன்.

முதலில் போனது 'கவுன்சலிங்' என்று போர்டு போட்டிருந்த ஓர் இடத்துக்கு. ஒரு தடவைக்கு 800 ரூபாய். அந்த அம்மா அன்பாகத்தான் கேட்டார்கள். இரண்டாம் தடவை முடிகிற நேரத்தில், "கண்ண மூடிக்கிடுவோமா? ஒரு சின்ன ஜெபம்" என்றார்கள். எனக்கு வாயில் எச்சில் வற்றியது. கண்ணை மூடி, ஆமென் சொல்லி, பணத்தைக் கொடுத்துவிட்டுப் படியிறங்கி, தெருவோரச் சாக்கடையில் வாந்தி எடுத்தேன். அவர்களுக்குக் கெட்ட எண்ணம் இருந்திருக்காது. ஆனால் எந்தக் கத்தியால் காயம் பட்டதோ அதே கத்தியால் கட்டை அவிழ்க்க வந்தார்கள்.

அடுத்து, பகுத்தறிவு வட்டத்தில் பழக்கமான ஒரு தோழர். ஐம்பதைத் தாண்டியவர், நல்ல மனிதர். "இல்லாத நரகத்துக்கு எதுக்கும்மா பயம்?" என்றார். புத்தகங்கள் கொடுத்தார், எல்லாவற்றையும் படித்தேன். ஒவ்வொரு வாதத்துக்கும் தலையாட்டினேன், ராத்திரி ஹாரன் அடித்தால் அதே நடுக்கம். இதை அவரிடம் சொல்லவே வெட்கமாக இருந்தது; சபையில் விசுவாசம் பத்தாதவள், இங்கே பகுத்தறிவு பத்தாதவள் என்று ஆகிவிடுமோ என்று. ஒருநாள் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதாம்மா. இது டாக்டர் பாக்க வேண்டியது. நாளைக்கு லீவு போடு, நானும் வாரேன்" என்றார். அவர் செய்ததிலேயே பெரிய உதவி என்று நான் நினைப்பது இதைத்தான்.

மதுரை பெரியாஸ்பத்திரியில் காலையிலேயே ஓ.பி. சீட்டு வாங்கி, மனநலப் பிரிவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். பக்கத்தில் ஓர் அம்மா மகனுடைய கையைப் பிடித்தபடி இருந்தார். பையன் கையில் மூன்று நிறத்தில் மந்திரித்த கயிறு. டாக்டருக்கு என் வயசுதான் இருக்கும். நான் முதலில் கேட்டது: "நான் இப்ப சாமி நம்புறதில்ல. எங்க வீட்டுல இத பைத்தியம்ங்கறாங்க. நீங்களும் அப்பிடி எழுதிருவீங்களா?" அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார், அப்படி எழுத அவருக்கு அதிகாரமே கிடையாது என்று. அந்த வருடம் மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, மூன்றாம் பிரிவிலேயே இதைச் சொல்கிறது: ஒருவர் தன் சமூகத்தின் மத நம்பிக்கையோடு ஒத்துப்போகவில்லை என்பதை வைத்து அவருக்கு மனநோய் என்று முடிவு கட்டக் கூடாது. வீடு திரும்பியதும் தேடி, நானே வாசித்து உறுதி செய்துகொண்டேன். எனக்கு இருந்தது பதற்ற நோய், பீதித் தாக்குதலோடு. மதத்தால் வரும் இந்த மாதிரிக் காயத்துக்கு அமெரிக்க உளவியலாளர் மர்லீன் வினெல் 2011ல் 'ரிலிஜியஸ் ட்ராமா சிண்ட்ரோம்' என்று பெயர் கொடுத்திருக்கிறார். மருத்துவ நோய்ப் பட்டியலில் அது இல்லை. அந்தப் பெயர் இல்லாமலேயே வைத்தியம் நடந்தது.

மாத்திரை வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும், முதலில் வயிற்றைப் புரட்டும், நானாக நிறுத்தக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். முதல் ராத்திரி வயிறு புரட்டியபோது அதைத் தண்டனை என்றுதான் நினைத்தேன். தேனிக்கார அக்கா விடியும்வரை விளக்கை அணைக்கவிடவில்லை.

உளவியலாளர் அம்மா நான்காவது சந்திப்பில் ஒரு வெள்ளைத்தாளில் வட்டம் போட்டார். "அம்மா இறந்ததுக்கு யார் யாருக்கு எவ்வளவு பங்கு? தோசைய விண்டு போடுற மாதிரி போடுங்க." நான் கோடே இழுக்காமல் வட்டம் முழுக்க 'நான்' என்று எழுதினேன். அவர் அழிக்கச் சொல்லவில்லை. இன்னொரு வட்டம் போட்டார். "இதுல உங்கள கடைசியா எழுதுவோம். மத்தவங்கள மொதல்ல." சர்க்கரை நோய் என்று எழுதினேன். முள். ஆறாத புண். ஆஸ்பத்திரிக்கு விடாத பாஸ்டர். அப்பா. அப்பாவுக்குக் கோடு போட முக்கால் மணி நேரம் ஆனது, அழுது அழுது. உபவாசம். டொராண்டோவில் 14 வயசுப் பையன் ஒருவனுக்கு முதல் இன்சுலின் ஊசி போட்டது 1922 ஜனவரியில். அதற்கு 87 வருடம் கழித்து, பஸ் ஏறினால் அரசு ஆஸ்பத்திரி இருக்கும் தூரத்தில், என் அம்மாவுக்கு அது கிடைக்கவில்லை. எல்லாரையும் எழுதி முடித்தபோது வட்டத்தில் இடமில்லை. "கம்மலுக்கு எங்கம்மா எடம்?" என்று கேட்டார். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு சங்கு. பழைய மில் சங்குச் சத்தம் ஒன்றை போனில் ஏற்றி, முதல் வாரம் மிகக் குறைந்த ஒலியில், அவர் அறையிலேயே, பகலில். பயம் நூற்றுக்கு எத்தனை என்று எழுத வேண்டும். 90. ஒலியை நிறுத்தாமல், அது தானாக இறங்கும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். 70. 55. பிறகு விடுதியில், பிறகு ராத்திரியில். நடுவில் இரண்டு வாரம் போகாமல் ஏமாற்றினேன். டிசம்பர் 31 ராத்திரி சபைப் பாட்டுகள் நினைவுக்கு வந்து ஏங்கி அழுததை அவரிடம் குற்றம்போலச் சொன்னபோது, "பாட்டு உங்களோடது. பிடிச்சா பாடுங்க" என்றார். இன்றும் சமைக்கும்போது பாடுகிறேன்.

2019 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், வளையச் சூரிய கிரகணம். திண்டுக்கல்லில் வளையம் தெரியும் என்று தோழர் பஸ்ஸில் கூட்டிப்போனார். கடைசி நாளில் 'சூரியன் அந்தகாரப்படும்' என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவளுக்கு அந்தக் காலை சுலபமாக இல்லை. மைதானத்தில் அறிவியல் இயக்கத்துக்காரர்கள் கண்ணாடி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒன்பதரை வாக்கில் வெயில் நீர்த்துப்போய், காற்று குளிர்ந்து, கண்ணாடிக்குள் மெல்லிய பொன் வளையம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். யாரோ என் கையில் ஒரு வடையைத் திணித்தார்கள். கிரகண நேரத்தில் சாப்பிடலாம் என்று காட்டுவதற்காகவே கொண்டுவந்தது. தின்றுகொண்டே பார்த்தேன். யாரும் காணாமல் போகவில்லை.

இப்போது நாங்கள் ஐந்தாறு பேர் மாதம் ஒரு தடவை கூடுகிறோம். ஒருவர் இஸ்லாமியக் குடும்பம், பேயோட்டுகிறோம் என்று சிறுவயதில் கட்டிப்போடப்பட்டவர். இன்னொருவர் செவ்வாய்தோஷம் என்று சொல்லி வாழைமரத்துக்குத் தாலி கட்டவைக்கப்பட்டவர். அவர் இன்றும் கோயிலுக்குப் போகிறார், அது அவர் உரிமை. 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடியில் மனநோயாளிகளைக் கட்டிவைத்திருந்த காப்பகத்தில் பிடித்த தீயில் சங்கிலியோடு கருகி 28 பேர் இறந்ததைப் பற்றி ஒருநாள் பேசினோம், அன்று யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. சங்கிலி போடுவதை 2017 சட்டத்தின் 95ஆம் பிரிவு தடை செய்கிறது என்பதை நாங்கள் எல்லோருமே மனப்பாடமாக வைத்திருக்கிறோம்.

தேடிக்கொண்டிருப்பவர்களுக்கு என் பட்டறிவில் இருந்து. 'கவுன்சலர்' என்று யாரும் போர்டு மாட்டலாம். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் இருக்கும், கேளுங்கள், கேட்டால் கோபப்படுகிறவரிடம் போகாதீர்கள். முதல் சந்திப்பிலேயே, "ஜெபம், பரிகாரம், பாவமன்னிப்பு, இதெல்லாம் பேசாம வைத்தியம் பாப்பீங்களா?" என்று கேளுங்கள். நான் கூச்சப்பட்டுக் கேட்காமல் விட்டது 1,600 ரூபாயோடு போகவில்லை, நான்கு மாதம் தள்ளிப்போனது. வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்று பயந்தால்: உங்கள் சிகிச்சை விவரம் ரகசியம், அது அதே 2017 சட்டத்தின் 23ஆம் பிரிவு. உங்கள் சார்பில் பேச அப்பாதான் வரவேண்டும் என்றில்லை. 14ஆம் பிரிவின்படி வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு நம்பிக்கையான ஒருவரை நியமிக்கலாம். நான் தோழரை எழுதினேன். ராத்திரியில் தாங்கவில்லை என்றால் 14416, டெலி மானஸ். 2022 அக்டோபரில் தொடங்கியது, கட்டணமில்லை, எந்த நேரமும், தமிழில் பேசலாம்.

போன வருடம் அத்தை போன் செய்தார். ஒன்பது வருடத்துக்கு மேலாகப் பேச்சில்லை. "ஏட்டி, கால்ல ஒரு புண்ணு, ஆற மாட்டேங்கு" என்றார். அடுத்த பஸ்ஸில் போனேன். அரசு ஆஸ்பத்திரியில் சர்க்கரை 340. 'மக்களைத் தேடி மருத்துவம்' அரசுத் திட்டத்தில் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்கள் அத்தை என்றேன். "வேண்டாம்மா, பக்கத்து வீடு சபைக்காரங்க" என்றார். அதனால் மாதம் பிறந்தால் மாத்திரையை நானே வாங்கிப் போகிறேன். அத்தை கதவைச் சாத்திவிட்டு, அட்டைகளை ஒரு பழைய வேட்டித் துணியில் சுற்றி, அரிசிப் பானைக்குள் கையை முழங்கைவரை விட்டு அடியில் வைக்கிறார். புண் ஆறிவருகிறது.