குழந்தைக்காக ஆறு மாதம் குழந்தையைத் தள்ளிப்போட்டோம்

"போன வருஷம் கலைஞ்சப்போ சுகர் எவ்வளவு இருந்தது?"

திருச்சி தில்லைநகரில் அந்த டாக்டர் இப்படிக் கேட்டதும் நானும் என் கணவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்களுக்குத் தெரியவில்லை. அப்போது பார்த்த மருத்துவமனையில் யாரும் அதைக் கேட்கவே இல்லை. எட்டாவது வாரத்தில் ஸ்கேன் பார்த்து, துடிப்பு இல்லை என்று சொல்லி, சுத்தம் செய்து, ஒரு அட்டை ஃபோலிக் ஆசிட் மாத்திரையும் கொடுத்து, "மூணு மாசம் போகட்டும், அப்புறம் மறுபடி பாருங்க" என்று அனுப்பிவிட்டார்கள்.

எனக்கு 29 வயதிலேயே சர்க்கரை வந்துவிட்டது. அம்மாவுக்கு உண்டு, அம்மாவின் அப்பாவுக்கும் இருந்தது. ஆபீஸில் இன்சூரன்ஸுக்காக ரத்தம் எடுத்தபோது தெரிந்தது. மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்த மாத்திரை ஒன்று, கொழுப்புக்கு அட்டார்வாஸ்டாட்டின் ஒன்று. போட்டுக்கொண்டு என் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதற்கும் குழந்தைக்கும் முடிச்சுப் போட்டு நான் யோசித்ததே இல்லை. கலைந்த பிறகு அண்ணிதான் பிடிவாதமாக இந்த டாக்டரிடம் அழைத்துப் போனார். அது 2023 ஜூன்.

மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் HbA1c 8.6 வந்தது. ரிப்போர்ட்டைத் திருப்பி வைத்துவிட்டு டாக்டர் சொன்ன முதல் வார்த்தை: "இப்ப குழந்தை வேண்டாம்."

குழந்தை வேண்டும் என்றுதான் நாங்கள் போயிருந்தோம்.

அவர் பொறுமையாக விளக்கினார். குழந்தையின் இதயம், மூளை, முதுகுத்தண்டு எல்லாம் முதல் எட்டு வாரத்திலேயே உருவாகிவிடும். நாள் தள்ளிப் போய், கார்டு வாங்கி, இரண்டு கோடு பார்க்கும்போதே ஐந்தாவது வாரம் ஆகியிருக்கும். அதற்குப் பிறகு சர்க்கரையைக் கட்டுப்படுத்தக் கிளம்பினால் முக்கியமான பாதி வேலை முடிந்திருக்கும். அம்மாவின் ரத்தத்தில் ஓடும் அதிகச் சர்க்கரை அப்படியே குழந்தைக்கும் போகும். உறுப்புகள் சரியாக உருவாகாமல் போகவும், கலைந்து போகவும் வாய்ப்பு கூடும். 6.5-க்குக் கீழே வந்த பிறகு முயற்சி செய்யுங்கள் என்றார். போன முறை கலைந்ததற்கு இதுதான் காரணமா என்று கேட்டேன். இருந்திருக்கலாம், ஆனால் அடித்துச் சொல்ல முடியாது என்றார். அன்று பஸ்ஸில் வரும்போது அந்த 'இருக்கலாம்' தான் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

மருந்துகளும் மாறின. கொழுப்பு மாத்திரை அன்றோடு நிறுத்தம். கிளிமிபிரைடுக்குப் பதிலாக இரவில் இன்சுலின். மெட்ஃபார்மின் மட்டும் தொடரலாம். ஃபோலிக் ஆசிட் சாதாரணமாக எல்லாருக்கும் 400 மைக்ரோகிராம் போதுமாம். சர்க்கரை இருப்பதால் எனக்கு 5 மில்லிகிராம். கரு தங்கிய 28 நாளுக்குள் முதுகுத்தண்டாகப் போகிற குழாய் மூடிவிடும், அதனால் இதை முன்கூட்டியே போட்டால்தான் பிரயோஜனம் என்றார்.

ஊசி, பத்தியம் இதெல்லாம்கூடப் பழகிவிட்டது. ஆறு மாதம் கருத்தடை போட்டுக்கொள்ள வேண்டியிருந்ததுதான் தாங்கவில்லை. கல்யாணமாகி மூன்று வருஷம், ஒருமுறை கலைந்திருக்கிறது, போகிற விசேஷத்தில் எல்லாம் "என்னம்மா, ஏதாவது விசேஷம் உண்டா?" என்று கேட்கிறார்கள். நாங்களோ மெடிக்கல் ஷாப்பில் ஆணுறை வாங்கிக்கொண்டிருக்கிறோம். இதை யாரிடம் சொல்வது? சொன்னால் புரியுமா? சமயபுரம் போய் வேண்டிக்கொள்ளச் சொன்ன சித்தியிடம் சரி சித்தி என்றேன். போகவும் செய்தேன். என்ன வேண்டிக்கொள்வது என்று குழம்பி, 6.5 என்று வேண்டிக்கொண்டு வந்தேன்.

சாப்பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். விரல் குத்திப் பார்க்கும் குளுக்கோமீட்டர் வாங்கினோம். வெறும் வயிற்றில் 100-க்குள், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 140-க்குள் என்பது டாக்டர் எனக்குக் கொடுத்த கணக்கு. அப்போது ஒரு ஸ்ட்ரிப் ஏறக்குறைய இருபது ரூபாய். ஒரு நாளைக்கு நான்கு முறை குத்தினால் மாதக் கடைசியில் வலிப்பது விரல் இல்லை.

ஆனால் அந்தக் காசு வீண் போகவில்லை. சர்க்கரைக்கு நல்லது என்று ஊரே சொல்லும் கேழ்வரகுக் கஞ்சியை இரண்டு வருஷமாகக் காலையில் ஒரு சொம்பு குடித்துக்கொண்டிருந்தேன். குத்திப் பார்த்தால் 214! நான்கு இட்லி, தேங்காய்ச் சட்னிக்கு 198. கஞ்சி இட்லியையே தோற்கடித்துவிட்டது. மாவாக அரைத்துக் கூழாகக் காய்ச்சினால் எந்தத் தானியமும் வேகமாகத்தான் ரத்தத்தில் ஏறும் என்று உணவு ஆலோசகர் பிறகு சொன்னார். சிறுதானியம் என்ற பெயருக்காகவே நாம் எவ்வளவு குடிக்கிறோம்! இரண்டு இட்லி, நிறைய சாம்பார், ஒரு அவித்த முட்டை: 146. பச்சைப்பயறு தோசை இரண்டு: 131. மதியம் சோறு ஒரு கரண்டியாகக் குறைந்தது; முதலில் பொரியலையும் கூட்டையும் தின்றுவிட்டுக் கடைசியில் சோற்றுக்கு வந்தால் எண் இன்னும் குறைந்தது. இது என் உடம்புக் கணக்கு. உங்களுக்கு வேறாக இருக்கும்.

இன்சுலினில் ஒரு கூத்து நடந்தது. பத்து யூனிட்டில் ஆரம்பித்தோம். நான்கு நாளாகக் காலையில் 150-க்குக் குறையவே இல்லை. பயந்துபோய் கிளினிக்குக்குப் போனேன். நர்ஸ் என் பையிலிருந்து சிரிஞ்சை எடுத்துப் பார்த்துவிட்டு, "இது ஆரஞ்சு மூடியாச்சே" என்றார். நம் ஊரில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. ஆரஞ்சு மூடி 100 யூனிட் மருந்துக்கானது. மெடிக்கலில் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள், நானும் பார்க்காமல் வாங்கி வந்துவிட்டேன். அதில் பத்து என்ற கோடு வரைக்கும் இழுத்தால் உள்ளே போவது நான்கு யூனிட்தான். குறைவாகப் போனதால் பிழைத்தேன். மூடி நேர்மாறாக மாறியிருந்தால் தாழ்சர்க்கரையில் மயங்கி விழுந்திருப்பேன். குப்பியில் என்ன எண், மூடி என்ன நிறம் என்று கவுண்டரிலேயே நின்று பார்த்து வாங்குங்கள்.

குப்பியை ஃபிரிட்ஜ் கதவில் வைத்திருந்தேன். துவாக்குடியில் எங்களோடுதான் மாமியார் இருக்கிறார். தயிர் எடுக்கப் போனவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"இது யாருக்கும்மா?"

"எனக்குத்தான் அத்தை."

"ஊசி போடற அளவுக்கா போயிடுச்சு?"

ஊசி என்றால் நோய் முற்றிவிட்டது என்பதுதான் அவருக்குத் தெரிந்த கணக்கு. அவருடைய அண்ணன் கால் எடுத்த பிறகுதான் ஊசிக்கு மாறினாராம். உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கருத்தடை விஷயத்தை மட்டும் அவர் மகனே சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். அத்தை ரொம்ப நேரம் பேசவில்லை. மறுநாள் காலையில் என் தட்டில் இரண்டு இட்லிதான் இருந்தது. விசேஷம் கேட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரரிடம், "அவங்களுக்குத் தெரியும், எப்பன்னு" என்று அத்தை சொன்னது சமையலறை வரைக்கும் கேட்டது.

மற்றவை சுருக்கமாக. ருபெல்லா எதிர்ப்பு இருக்கிறதா என்று ரத்தத்தில் பார்த்தார்கள், இல்லை. தமிழ்நாட்டில் 2017-இல் பள்ளிப் பிள்ளைகளுக்கெல்லாம் தட்டம்மை–ருபெல்லா ஊசி போட்டது நினைவிருக்கலாம். அது பதினைந்து வயது வரைக்கும்தான், என் வயதுக்காரர்கள் விட்டுப்போனோம். கர்ப்பத்தில் இந்த ஊசி போடக் கூடாது, போட்ட பிறகும் ஒரு மாதம் கரு தங்கக் கூடாது. கண்ணில் சொட்டு மருந்து விட்டு விழித்திரை பார்த்தார்கள், ஏனென்றால் ஏற்கெனவே பாதிப்பு இருந்தால் கர்ப்பத்தில் அது வேகமாகலாம். எனக்கு இல்லை. சிறுநீரில் புரதம் இல்லை. ஹீமோகுளோபின் 9.8, இரும்புச்சத்து மாத்திரை. அதைக் காபியோடு போட்டுக்கொண்டிருந்தேன், திட்டு வாங்கினேன். கணவருக்கு ஒரே ஒரு கட்டளை, சிகரெட்டை விடு. விந்தணு உருவாக இரண்டரை மாதம் ஆகும், அதனால் இன்றே நிறுத்தினால்தான் கணக்கு என்று டாக்டர் சொன்னார். இரண்டு தடவை விட்டு, மூன்றாவது தடவைதான் உண்மையாக விட்டார்.

செப்டம்பரில் 7.4. அழுகை வந்துவிட்டது. அவ்வளவு குத்தியும், அவ்வளவு நடந்துமா? டாக்டருக்கு மட்டும் சந்தோஷம். சிவப்பணுக்கள் நான்கு மாதம் வரை வாழும், பழைய சர்க்கரையின் தடம் அதில் இன்னும் இருக்கும், இரும்புச்சத்துக் குறைவும் இந்த எண்ணைக் கொஞ்சம் கூட்டிக் காட்டும், உன் விரல் எண்கள் நன்றாக இருக்கின்றன என்றார். தீபாவளிக்கு அரை அதிரசம்தான் சாப்பிட்டேன். டிசம்பரில் 6.4.

"இனி உங்க இஷ்டம்" என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்து மிச்சமிருந்த ஆணுறைப் பெட்டியை என்ன செய்வது என்று தெரியாமல் பீரோவிலேயே வைத்துவிட்டோம்.

ஜனவரி, பிப்ரவரி ஒன்றுமில்லை. மார்ச்சில் நாள் தள்ளி ஆறாம் நாள் இரண்டு கோடு. அடுத்த வாரம் சுகாதார செவிலியர் வந்து பிக்மி எண்ணுக்கு (கர்ப்பத்தை அரசிடம் பதிவு செய்யும் எண்) விவரம் எழுதிக்கொண்டார். பிறப்புச் சான்றிதழ் வாங்க அந்த எண் வேண்டும், அதனால் பத்திரமாக வைக்கச் சொன்னார். ஃபோலிக் ஆசிட் அட்டையை எடுத்து நீட்டினார். ஒன்பது மாசமாகப் போடுகிறேன் அக்கா என்றேன். தேதிக் கணக்கைத் தவறாக எழுதிவிட்டோமோ என்று நோட்டை மறுபடி பார்த்தார்.

ஒன்பதாவது வாரம். ஸ்கேனில் துடிப்பு பார்த்தாயிற்று. இன்று காலை வெறும் வயிற்றில் 97. இப்போது 95-க்குள் இருக்க வேண்டுமாம். டாக்டருக்குப் போன் செய்தேன், இரவு இன்சுலினில் இரண்டு யூனிட் கூட்டச் சொல்லியிருக்கிறார்.