டிராஃப்ட் பீர் நுரைத்துக் கொட்டினால்: ரெகுலேட்டரைத் தொடுவதற்கு முன்

குழாயைத் திறந்ததும் முக்கால் கிளாஸ் நுரையாக நின்றால், கை முதலில் போவது வாயு அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டருக்குத்தான். 12 பிஎஸ்ஐயில் (பிஎஸ்ஐ என்பது அழுத்த அலகு) இருப்பதை 5க்கு இறக்கினால் அன்றைக்கு நுரை அடங்கும். ஆனால் அழுத்தம் குறைந்ததும் பீரில் கரைந்திருக்கும் கரியமில வாயு மெல்லப் பிரிந்து, குழாய்க்குப் பீரைக் கொண்டுவரும் டியூபான லைனுக்குள் குமிழியாகச் சேரும். சில நாளில் நுரை திரும்பி வரும், பீரும் சப்பென்று ஆகிவிடும். அதனால் எங்கள் அமைப்பில் ரெகுலேட்டரைக் கடைசிக்குத் தள்ளிவிட்டோம். எங்களுடையது 19 லிட்டர் கெக் (பீர் அடைத்த உலோகக் கலன்), ஃபிரிட்ஜுக்கு மேலே டவர் (குழாயைத் தாங்கும் தூண்), ஒற்றைக் குழாய்.

அடுத்தடுத்து மூன்று கிளாஸ் பிடித்துப் பாருங்கள். முதல் கிளாஸ் மட்டும் நுரைத்து மற்றவை ஒழுங்காக வந்தால், டவருக்குள் நிற்கும் பீர் சூடாகிறது என்று பொருள். மூன்றுமே நுரைத்தால் கோளாறு கெக்கிலோ லைனிலோ இருக்கிறது.

டவர்தான் காரணம் என்றால் 12 வோல்ட் சிறு மின்விசிறி ஒன்று போதும். அதில் ஒரு ஹோஸைப் பொருத்தி, அதன் முனையைக் குழாயின் பின்பக்கம் வரை ஏற்றி, ஃபிரிட்ஜின் குளிர்காற்றை மேலே ஊதவிட வேண்டும். வெப்பநிலையை ஃபிரிட்ஜின் திரையில் பார்த்து நம்ப வேண்டாம். அது காற்றின் அளவு. ஒரு டம்ளர் தண்ணீரை இரவு முழுக்கக் கெக்கின் பக்கத்தில் வைத்துவிட்டுக் காலையில் அதில் தெர்மாமீட்டரை விடுங்கள். 3 டிகிரி செல்சியஸ் சரியான அளவு. அந்தக் குளிரில் 12 பிஎஸ்ஐ கொடுத்தால், ஒரு லிட்டர் பீரில் சுமார் 2.6 லிட்டர் வாயு கரைந்து நிற்கும்.

அதிகம் சறுக்குவது லைன் நீளத்தில்தான். கெக்கில் இருக்கும் 12 பிஎஸ்ஐ, பீர் குழாய்க்கு வருவதற்குள் லைனின் உராய்விலேயே கரைந்துவிட வேண்டும். லைன் குட்டையாக இருந்தால் மிச்ச அழுத்தம் முழுவதும் குழாய் வாயில் ஒரே நொடியில் விடுபட, வாயு அங்கேயே பிரிந்து நுரையாகும். 3/16 அங்குல உள்விட்டமுள்ள வினைல் லைன் ஒவ்வொரு அடி நீளத்துக்கும் 3 பிஎஸ்ஐ அழுத்தத்தைக் குறைக்கும் என்று சில அட்டவணைகள் சொல்லும். அதை நம்பி 4 அடிக்கு வெட்டினால் பீர் பீய்ச்சி அடிக்கும். 3 மீட்டரில் தொடங்குங்கள். நீளம் கூடினால் பீர் கொஞ்சம் மெதுவாக வரும், அவ்வளவுதான். தேவைப்பட்டால் 15 செ.மீ. அளவில் வெட்டிக் குறைக்கலாம். அரை லிட்டர் கிளாஸ் நிறைய 10 நொடி ஆனால் லைன் சரியாக அமைந்துவிட்டது. லைன் முழுவதையும் ஃபிரிட்ஜுக்குள் சுருட்டிக் கெக்கின் தலைமேல் படுக்க வையுங்கள். கெக்கைவிட லைன் சூடானாலும் குமிழி கட்டும்.

நீளம் சரியாக இருந்தும் நுரை நிற்கவில்லையா? பீர் வரும்போது, கெக்கிலிருந்து பீர் வெளியேறும் போஸ்ட்டில் (லைனைப் பொருத்தும் முனை) லைன் தொடங்கும் இடத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கிருந்தே சரம் சரமாகக் குமிழி கிளம்பினால், கெக்கின் அடியிலிருந்து பீரை மேலேற்றும் டிப் டியூபின் விளிம்புக்கு அடியில் இருக்கும் சிறு ஓ-ரிங் (ரப்பர் வளையம்) பழுதாகி, கெக்கின் மேல்பகுதி வாயு பீரோடு கலக்கிறது. அழுத்தத்தை முழுவதும் வெளியேற்றிவிட்டுப் போஸ்ட்டைக் கழற்றி, புது ஓ-ரிங்கில் உணவுத்தர லூப்ரிகண்ட் தடவிப் போடுங்கள். சிறிய பாகம் என்பதால் பலரும் இதைச் சந்தேகிப்பதே இல்லை.

30 பிஎஸ்ஐயில் வைத்துக் குலுக்கிக் கார்பனேட் செய்த (வாயு ஏற்றிய) பீர் என்றால் வாயு மிதமிஞ்சி ஏறியிருக்கலாம். அப்போது வாயு இணைப்பைக் கெக்கிலிருந்து கழற்றிவிடுங்கள். ரெகுலேட்டரை மட்டும் குறைத்தால், தடுப்பு வால்வு இல்லாத வாயு லைனில் பீர் பின்னோக்கி ஏறக்கூடும். கெக்கின் ரிலீஃப் வால்வைச் (அழுத்தத்தை வெளியேற்றும் வால்வு) சிறிது சிறிதாக இழுத்து வாயுவை விடுங்கள். சில மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒரு நாள் முழுக்க இப்படிச் செய்துவிட்டு, 12 பிஎஸ்ஐயில் திரும்ப இணைக்கலாம்.

குழாயை எப்போதும் முழுவதுமாகத் திறக்க வேண்டும். பாதி திறந்த இடுக்கு வழியாக வரும் பீர் நுரைத்தே தீரும். குழாய்க்குள் காய்ந்த பீரும் லைனில் படிந்த ஈஸ்ட்டும் அதே வேலையைச் செய்யும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கார வகை லைன் கிளீனரை 15 நிமிடம் ஓடவிட்டு, தண்ணீரால் நன்றாக அலசுங்கள். ட்ரை ஹாப் செய்த (மணத்துக்காக ஹாப் பூவை நேரடியாகப் போட்ட) பீர் விட்டுவிட்டுத் துப்பினால், போஸ்ட்டின் பாப்பெட்டில் (உள்ளிருக்கும் சிறு வால்வு) ஹாப் துகள் சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள்.