வரிசை தவறிய ஜகரம்: டெல்ஃபி 7-இலிருந்து டெல்ஃபி 11-க்கு

ஓர் அச்சகத்திற்காக நான் டெல்ஃபி 7 என்ற நிரலாக்கக் கருவியில் எழுதிக் கொடுத்திருந்த நூற்பட்டியல் நிரல், அது ஓடிக்கொண்டிருந்த விண்டோஸ் எக்ஸ்பி கணினியோடு சேர்ந்து ஓய்வு பெறும் நிலைக்கு வந்தபோது, அதை டெல்ஃபி 11-க்குக் கொண்டுவரும் வேலை என்னிடமே திரும்பி வந்தது. 2002-இல் வெளிவந்த அந்தப் பதிப்புக்கும் டெல்ஃபி 11-க்கும் இடையே தலையாய மாற்றம் ஒன்று உண்டு: டெல்ஃபி 2009 முதல், ஸ்ட்ரிங் (எழுத்துச் சரம்) என்று எழுதினாலே அது உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான யூனிகோட் குறியேற்றம், எழுத்துக்கு ஒரு பைட் என்றிருந்தது இரண்டு பைட்டாகிவிட்டது. இது எனக்குத் தெரியாத செய்தியல்ல. தெரிந்தும் மாட்டிக்கொண்டேன்.

மூல நிரல் கையில் இல்லாத இரண்டு பழைய கம்போனென்ட்டுகளை (பிறர் எழுதிய நிரல் துண்டுகளை) கழற்றிவிட்டு வேறு பொருத்தியதில் ஒரு நாள் போனது. மறுநாள் நிரல் கம்பைல் ஆனது. திறந்து பார்த்தால், தலைப்புகள் இருந்த இடத்தில் கொரிய எழுத்துகள். தரவுக் கோப்பின் ஒவ்வொரு பதிவிலும் தலைப்புக்கென 60 எழுத்து இடம் ஒதுக்கியிருந்தேன்; அது இப்போது 120 பைட்டாக வீங்கி, இரண்டிரண்டு திஸ்கி (யூனிகோடுக்கு முந்தைய, எழுத்துக்கு ஒரு பைட் கொண்ட தமிழ்க் குறியேற்றம்) பைட்டுகளை ஒட்டி ஒரே எழுத்தாகப் படித்திருக்கிறது. அறிவிப்பை, எழுத்துக்கு ஒரு பைட் என்றே வைத்துக்கொள்ளும் ஆன்சிசார் வகைக்கு மாற்றியதும் தமிழ் திரும்பி வந்தது. இப்படிக் கண்ணில் படும் பிழைகளால் எனக்குத் தொல்லை இல்லை.

தொல்லை அகரவரிசையில் இருந்தது. திரையில் எல்லாம் சரியாகத் தெரிந்தும், 'ஜாதகம்', 'ஸ்தலபுராணம்' என்று தொடங்கும் தலைப்புகள் மட்டும் பட்டியலில் ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் போய் உட்கார்ந்தன. வரிசைப்படுத்த, திஸ்கி எண்ணைக் கொண்டு எழுத்தின் இடத்தைச் சொல்லும் 256 உறுப்பு அட்டவணை ஒன்றை அன்று எழுதியிருந்தேன். திஸ்கியில் பெரும்பாலான தமிழ் எழுத்துகள் 160-க்கு மேல் உள்ளவை. கோப்பிலிருந்து படித்த பைட்டுகள் ஸ்ட்ரிங்கில் ஏறுகையில், விண்டோஸின் 1252 குறியேற்றத்தின் (மேலை ஐரோப்பிய மொழிகளுக்கானது) வழியே யூனிகோடாக மாறும்போது அவற்றின் எண் மாறுவதில்லை. கிரந்த எழுத்துகளோ 128-க்கும் 159-க்கும் இடையே இருப்பவை: 131 என்றிருந்த ஜ 402 ஆகிறது, 133 என்றிருந்த ஸ 8230 ஆகிறது. திஸ்கி எழுத்துரு அந்த இடங்களிலும் அதே வடிவத்தைக் காட்டியதால் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. அட்டவணைக்கு வெளியே போனால் நிரலை நிறுத்தும் எல்லைச் சோதனை அணைக்கப்பட்டிருந்ததால், நிரலும் அட்டவணையைத் தாண்டி நினைவகத்தில் கிடந்ததை எடுத்துக்கொண்டு சத்தமின்றி ஓடியது. சோதனையை இயக்கியதும் முதல் ஜகரத்திலேயே நின்றது. கம்பைலர் இதைப் பற்றி எச்சரித்துத்தான் இருந்தது. நூற்றுக்கணக்கான எச்சரிக்கைகளுக்கு நடுவே நான்தான் அதைப் படிக்கவில்லை.

ஒட்டுப் போடுவதைவிடத் தரவு முழுவதையும் ஒரே தடவையில் யூனிகோடுக்கு மாற்றிவிடுவது மேல் என்று முடிவெடுத்தேன். திஸ்கியில் 'கொ' என்பது கொம்பு, க, கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் கிடப்பதால், கொம்பை எடுத்து மெய்க்குப் பின்னால் வைக்கும் சிறு நிரல் ஒன்றும் தேவைப்பட்டது. அட்டவணை இனி வேண்டாம் என்றிருந்த நினைப்பும் பலிக்கவில்லை. யூனிகோட் எண் வரிசையில் ன, ந-வை அடுத்தும், ஜ, ச-வுக்கும் ஞ-வுக்கும் இடையிலும் வருகின்றன. ஆகவே 128 இடங்களோடு புதிய அட்டவணை எழுதினேன். ஜ எங்கே வர வேண்டும் என்று அச்சக உரிமையாளரைக் கேட்டதற்கு, அவர் பதில் சொல்லாமல் பழைய அச்சுப் பட்டியலை எடுத்து நீட்டினார்; அதில் இருந்தபடியே, ன-வுக்குப் பின்னால் வைத்தேன்.