மாட வீதியில் ஒரு மார்கழி விடியல்

விடியற்காலை ஐந்து மணிக்கு மந்தைவெளியில் சித்தி வீட்டிலிருந்து கிளம்பினேன். "பனி இறங்குதுடா, தலையில துண்டைக் கட்டிக்கோ" என்று உள்ளிருந்தே குரல் கொடுத்தாள். முந்தின நாள்தான் கும்பகோணத்திலிருந்து வந்திருந்தேன். மார்கழியில் சென்னைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் சபாக் கச்சேரிகளுக்காக வருவார்கள். நான் வந்தது மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோயில் மாட வீதி பஜனைக்கு. தமிழ்க் கீர்த்தனைகள் இயற்றிய பாபநாசம் சிவன் வருஷக்கணக்காக முன்னால் நடந்து பாடிய பஜனை அது. அந்த வழக்கம் இன்னும் விட்டுப்போகவில்லை.

பாபநாசம் எங்களுக்குப் பக்கத்து ஊர். அதனால் சின்ன வயதில் அவரை அந்த ஊர்க்காரர் என்றே நம்பியிருந்தேன். 'என்ன தவம் செய்தனை' பாடித்தான் அம்மா என்னைத் தூங்க வைப்பாள். காபி ராகம் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. அந்தப் பாட்டை இயற்றியவர் நம் பக்கத்து ஊர்க்காரர் என்ற பெருமை அதற்கு முன்பே வந்துவிட்டது. உண்மையில் அவர் 1890-ல் பிறந்தது போலகம் என்ற கிராமத்தில். பெயர் ராமய்யா. ஏழு வயதில் அப்பா போய்விட்டார். பிழைக்க வழியில்லாமல் 1899-ல் அம்மா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு திருவனந்தபுரம் போனார். அங்கே ராமய்யா சமஸ்கிருதம் படித்து, இலக்கணத்தில் தேர்ந்தார். பக்திப் பாடல்கள் இயற்றிய நீலகண்ட சிவனின் பாட்டுகள் அந்த வயதிலேயே அவருக்குள் இறங்கிவிட்டன. 1910-ல் அம்மாவும் போனார். அப்போது ராமய்யாவுக்கு ஏறக்குறைய இருபது வயது.

அதற்கப்புறம் வந்த இருபது வருஷத்தைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன். இலக்கணம் படித்தவர், ஆனால் நிலையாக ஒரு வேலை இல்லை. தஞ்சாவூர்ப் பக்கம் திரும்பி வந்து, எந்தக் கோயிலில் உற்சவமோ அங்கே போய், வீதியில் பஜனை பாடினார். அவருடைய முதல் பாட்டு என்று சொல்லப்படும் 'உன்னைத் துதிக்க அருள் தா' திருவாரூர் தியாகேசர் மேல் பாடியது. கோனேரிராஜபுரம் வைத்தியநாதய்யரின் சங்கீதம் அவரை இழுத்தது, அவரிடம் பாடம் கேட்டார். பாபநாசத்தில் அண்ணன் இருந்தார். உடம்பெல்லாம் விபூதி பூசி உருகிப் பாடுகிறவரைப் பார்த்து ஜனங்கள் 'பாபநாசம் சிவன்' என்றார்கள். ஊர்ப் பெயரும் சரி, சாமி பெயரும் சரி, வீதியில் நின்றவர்கள் வைத்ததுதான். சென்னைக்குக் குடிவந்தபோது வயது ஏறக்குறைய நாற்பது.

சரி, வீதிக்கு வருகிறேன். தெப்பக்குளத்தின் மேல் லேசாகப் புகைபோலப் பனி. வீட்டு வாசல்களில் கோலம், சாணி உருண்டையில் பூசணிப் பூ. பால் பாக்கெட் வண்டி ஒன்று கோலத்தை மிதிக்காமல் வளைந்து போனது. அதற்குள் ஜால்ரா சத்தம் கேட்டது. இருபது பேர்கூட இருக்க மாட்டார்கள். தோளில் ஹார்மோனியத்தைத் தொங்கவிட்டபடி ஒருவர், அவரைச் சுற்றி மாமிகள், அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு அரைத் தூக்கத்தில் ஒரு சிறுவன்.

நான் ஓரமாக நடப்பதைப் பார்த்த ஒரு பெரியவர், "எந்த ஊர் தம்பி?" என்றார். கும்பகோணம் என்றேன். "அப்ப நீங்க அவர் ஊருக்குப் பக்கம்தானே, வாயைத் திறந்து பாடுங்கோ. இங்க ஸ்ருதி சேரலைன்னு யாரும் கோவிச்சுக்க மாட்டா" என்றார். இளைஞனாக இருந்தபோது சிவனுக்குப் பின்னால் இதே வீதியில் நடந்தவராம். "நமக்கு மூச்சு வாங்கும். அவர் பாட்டுக்குப் பாடிண்டே போவார்" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து பாட்டில் சேர்ந்துகொண்டார்.

வடக்கு மாட வீதியில் திரும்பும்போது 'காணக் கண் கோடி வேண்டும்' எடுத்தார்கள். கபாலி வீதியுலா வருவதைப் பார்த்துப் பாடிய காம்போதி ராகப் பாட்டு. மேடையில் பெரிய வித்வான்கள் விரித்துப் பாடி எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ஆனால் நடந்துகொண்டே பாடும்போதுதான் அந்தச் சொற்கள் எங்கே மூச்சு விடச் சொல்கின்றன என்று புரிந்தது. கூட வருகிறவர் பிடித்துக்கொள்ள வசதியாக ஒவ்வொரு வரியும் வந்து நிற்கிறது. வேலையில்லாத அந்த இருபது வருஷ நடை இல்லாமல் இப்படி ஒரு பாட்டு வந்திருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது. 'நானொரு விளையாட்டு பொம்மையா' என்று அம்பாளிடம் கேட்பதும் சும்மா கேட்டதாக இப்போது படவில்லை.

சென்னை அவருக்கு நிறையக் கொடுத்தது. கலாக்ஷேத்ராவில் ஆசிரியர் வேலை, சினிமாப் பாட்டுகள், 1939-ல் 'தியாகபூமி'யில் சம்பு சாஸ்திரி வேடம். மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது மட்டும் 1971-ல்தான் வந்தது, எண்பத்தொரு வயதில். அது தாமதம்தான், எனக்கு அதில் வருத்தம் உண்டு. 1973-ல் காலமாகிவிட்டார்.

சுற்று முடிந்து கிழக்குக் கோபுரத்தடியில் நின்றோம். தொன்னையில் சூடான வெண்பொங்கல் கொடுத்தார்கள். அம்மாவுக்குப் போன் போட்டு, பஜனை கேட்கிறதா என்றேன். "கேக்குது, கொஞ்சம் கிட்டப் பிடி" என்றாள். பிடித்துக்கொண்டு நின்றேன். பெரியவர் போகும்போது, "நாளைக்கும் இதே நேரம்தான்" என்றார்.

அன்று ராத்திரி ரயிலில் ஊருக்குத் திரும்புவதாக இருந்தேன். டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு, நாலரை மணிக்கு அலாரம் வைத்தேன்.