டொமைன் வாங்கி விற்கிற பிள்ளைகளுக்கு

ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளைப் பக்கம் தேயிலை, ஹோம்ஸ்டே டொமைன்களை, அதாவது இணையத்தள முகவரிப் பெயர்களை வாங்கி வைத்து விற்கிற தம்பி தங்கச்சிமார் கவனியுங்கள். காசு கட்டிப் பதிந்தால் பெயர் நம்முடையது என்று நினைக்காதீர்கள். பதிவு வேறு, வர்த்தகக் குறி (ட்ரேட்மார்க்) உரிமை வேறு.

ஊர்ப்பெயரோடு 'டீ' சேர்த்தால் பெரும்பாலும் தொல்லை இல்லை. பிரபல தேயிலைக் கம்பனியின் பெயரோடு 'ஷொப்' சேர்த்தால் வில்லங்கம்தான். டொட் கொம் என்றால் யூடிஆர்பி எனும் டொமைன் தகராறு தீர்க்கும் முறையில், வைப்போ எனும் உலக அறிவுசார் சொத்து அமைப்பிடம் அந்தக் கம்பனியின் முறைப்பாடு போகும். பெயர் தங்கள் வர்த்தகக் குறியோடு குழப்பும் அளவுக்கு ஒத்தது, உங்களுக்கு நியாயமான உரிமை இல்லை, கெட்ட எண்ணத்தோடு பதிந்து பாவிக்கிறீர்கள் என்று மூன்றையும் அவர்கள் காட்ட வேண்டும். பதில் கொடுக்க உங்களுக்கு 20 நாள். தோற்றால் பெயர் போய்விடும்.

பலர் விடுகிற பெரிய பிழை, "இந்தப் பெயர் வேணுமா? 2,000 டொலர்" என்று அந்தக் கம்பனிக்கே மின்னஞ்சல் போடுவது. கெட்ட எண்ணத்துக்கு அந்த ஒரு வரியே சாட்சி!

பழைய டொமைனைக் கைமாறி வாங்கினால், முதல் பதிவுத் திகதி உங்களைக் காப்பாற்றாது; நீங்கள் வாங்கிய நாளைத்தான் பார்ப்பார்கள். ஆகவே காசு கொடுக்கமுன் வைப்போவின் இலவச வர்த்தகக் குறித் தேடலில் பாருங்கள்: அங்கே குறிகளைப் பொருள், சேவை வாரியாக வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள்; தேயிலைக்கு வகுப்பு 30, தங்குமிடத்துக்கு 43. எழுத்தை மாற்றியும் தேடுங்கள், உச்சரிப்பு ஒத்தாலும் சிக்கல்தான்.