மடைக்கல்லில் பச்சைக் கோடு

ஜனவரி 6, 2017, வெள்ளி

காலையில் குளத்துக்குப் போனேன். முன்பு தண்ணீர் நின்ற இடத்தில், மடைக்கல்லில், பாசி ஒரு பச்சைக் கோடாக என் இடுப்பளவில் காய்ந்து கிடக்கிறது. இப்போது இறங்கினால் முழங்கால்கூட நனையவில்லை. வடகிழக்குப் பருவமழை கைவிட்டுவிட்டது. பாசன வாய்க்காலான தோவாளைச் சானலில் மணல் தெரிகிறது. பேச்சிப்பாறை அணையை 1906-இல் கட்டி முடித்ததிலிருந்து, அந்தத் தண்ணீர் சானல் வழியாக வந்துதான் எங்கள் குளங்களை நிரப்புகிறது. சானல் காய்ந்தால் குளம்தான் கதி.

ஜனவரி 8, ஞாயிறு

குளத்தங்கரையில் எல்லோரும் கூடினோம். வழக்கப்படி, மடைக்குப் பக்கத்து வயல்களான மேல்பத்துக்குத்தான் முதலில் தண்ணீர் முறை. மடை பார்க்கும் பாட்டா அதை மாற்றச் சொன்னார்.

"மக்கா, உன் வயல்ல பால் பிடிச்சாச்சு. கடைசிப் பத்துல தொண்டைக்கதிரு. இப்ப காஞ்சா கதிரு வெளியவே வராது."

அவர் சொன்னது சரி. கால்வாயின் கோடியில் இருக்கும் கடைசிப் பத்து வயல்களில் நெற்கதிர் இன்னும் தண்டுக்குள்ளேயே இருக்கிறது. தண்ணீர் பிந்திக் கிடைத்ததால் அங்கே நடவும் பிந்தியது. நாற்று விட்டதிலிருந்து பட்ட கஷ்டம் முழுக்கப் பதராகப் போகக் கூடாது. என் வயல் மேல்பத்தில்தான் இருக்கிறது. உடனே மனசு ஒப்பவில்லை, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். அப்புறம் சரி என்றேன்.

மடையைக் கொஞ்சமாகத் திறந்து நாள்முழுக்க விட்டால் காய்ந்த கால்வாயே பாதியைக் குடித்துவிடும். அதனால் இரவில் முழுசாகத் திறந்து நேரே கடைசிக்கு விட்டு, அங்கிருந்து ஒவ்வொரு வயலாக மேலே வருவது என்று முடிவானது. வயலுக்கு மூன்று மணி நேரம்.

ஜனவரி 11, புதன்

எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று நேற்று அரசு அறிவித்திருக்கிறது. நிவாரணம் வரட்டும்.

நேற்று ராத்திரி டார்ச்சோடு வரப்பு வரப்பாக நடந்தோம். நண்டு வளைதான் பெரிய திருடன். மேலே விரல் நுழையும் அளவு ஓட்டை, உள்ளே கை முழுக்கப் போகிறது. அந்தப் பக்கம் ஓடையில் தண்ணீர் சளசளவென்று விழும் சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். களிமண்ணை உருட்டி உள்ளே திணித்து, மேலே மிதித்து, கொஞ்சம் காத்திருந்து, சத்தம் நின்றதா என்று காது கொடுத்துக் கேட்க வேண்டும். பதினேழு வளை அடைத்தோம். விடிவதற்குள் கடைசிப் பத்துக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்தது.

ஜனவரி 14, சனி

பொங்கல். கடைசிப் பத்தில் கதிர் தலை நீட்டியிருக்கிறது.

ஜனவரி 16, திங்கள்

அதிகாலை ஒரு மணிக்கு என் முறை. வயலில் மயிரிழை வெடிப்பு விட்டிருந்தது. தண்ணீர் அதில் இறங்கும்போது மண் சின்னச் சின்னக் குமிழியாக மூச்சு விட்டது. தென்மூலை இன்னும் நனையவில்லை.

"மக்கா, மணி நாலு."

மண்வெட்டியால் வாய்மடையை அடைத்து, அடுத்த வயலுக்குத் திருப்பிவிட்டேன்.