முப்பத்தைந்தரை

பதினோராம் வகுப்பு அலகுத் தேர்வில் ஒரு கணக்கு: 117 கிராம் சோடியம் குளோரைடில் எத்தனை மோல் (பொருளின் அளவைச் சொல்லும் அலகு)? சோடியத்தின் அணு நிறை 23, குளோரினுடையது 35.5; கூட்டினால் 58.5. 117ஐ அதனால் வகுத்தால் சரியாக 2. ஒரு மாணவி மட்டும் குளோரினுக்கு 35 போட்டு, 2.017 என்று எழுதியிருந்தாள். தவறு என்று சுழித்துவிட்டேன்.

மாலையில் விடைத்தாளோடு வந்து நின்றாள். "டீச்சர், குளோரினுக்கு 35, 37 என்று இரண்டு ஐசோடோப்புகள், அதாவது நிறை மட்டும் வேறான இரண்டு வகை அணுக்கள்தானே சொன்னீர்கள்? அப்படியென்றால் 35.5 என்று ஓர் அணுவே கிடையாது. இல்லாத அணுவை வைத்து எப்படிக் கணக்குப் போடுவது?"

திருத்த வேண்டிய தாள்கள் மேசையில் குவிந்திருந்தன. "அது சராசரி. மனப்பாடம் செய்துகொள்" என்று அனுப்பிவிட்டேன். தலையாட்டிவிட்டுப் போனாள். புரிந்து ஆட்டிய தலை அல்ல அது. இத்தனை ஆண்டு பாடம் நடத்தியவளுக்கு அந்த வேறுபாடு தெரியும். இரவெல்லாம் உறுத்தியது.

அவள் கேட்டது சின்னக் கேள்வியா? அணு நிறைகள் எல்லாமே ஹைட்ரஜன் அணு நிறையின் முழு எண் மடங்குகள் என்று 1815இல் வேதியியலாளர் வில்லியம் பிரௌட் கருதினார். அதற்குக் குறுக்கே நின்றது குளோரினின் இந்த அரைதான். நூறாண்டு கழித்து, கேம்பிரிட்ஜில் ஆஸ்டன் என்ற அறிவியலாளர், அணுக்களை நிறைவாரியாகப் பிரித்துக் காட்டும் தம் கருவியில் குளோரினைச் செலுத்திப் பார்த்தார். 35இலும் 37இலும் கோடுகள் விழுந்தன, 35.5இல் எதுவும் விழவில்லை. ஒரு நூற்றாண்டு வேதியியலைக் குடைந்த கேள்வியை ஒற்றை வரியில் விரட்டியிருக்கிறேன்.

மறுநாள் புளியங்கொட்டைகளை நான்கு பொட்டலங்களாகக் கட்டி எடுத்துப் போனேன். மூன்று 35 கிராம், ஒன்று 37 கிராம். அவளையே ஆய்வகத் தராசில் நிறுக்கச் சொன்னேன். நான்கும் சேர்ந்து 142 கிராம். நான்கால் வகுத்தாள், 35.5. மேசையில் இருந்த எந்தப் பொட்டலமும் 35.5 கிராம் இல்லை. சிறிது நேரம் பொட்டலங்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உப்பை நிறுக்கும்போது 35ஐ மட்டும் பொறுக்கி எடுக்க முடியாது. அதனால்தான் என் கணக்கு தப்பு" என்றாள். இயற்கையில் 35 ஏறக்குறைய 75.8 விழுக்காடு, மீதி 37. அதனால் நுட்பமான சராசரி 35.45 என்பதையும், பள்ளிக் கணக்கில் 35.5 என்று எடுத்துக்கொள்கிறோம் என்பதையும் அதன்பின் சொன்னேன். வகுப்பே எழுதிக்கொண்டது. மதிப்பெண்ணை மாற்றவில்லை. நேற்று சொன்ன பதிலுக்கு அவளிடம் வருத்தம் தெரிவித்தேன்.

அடுத்த ஆண்டு, பன்னிரண்டாம் வகுப்பு உப்புப் பகுப்பாய்வு: கொடுத்த உப்பில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். சில்வர் நைட்ரேட் விலை அதிகம். ஆய்வக உதவியாளர் சொட்டுக் கணக்கில்தான் ஊற்றுவார். நீர்த்த நைட்ரிக் அமிலம் சேர்த்த கரைசலில் அவள் நான்கைந்து சொட்டு விட்டாள். தயிர் திரிந்தாற்போல் வெண்ணிற வீழ்படிவு. குளோரைடு. அம்மோனியா ஊற்றியதும் கரைந்து தெளிந்தது.

அவள் சோதனைக் குழாயை வெளிச்சத்தில் பிடித்தபடி கேட்டாள்: "டீச்சர், இதில் நாலில் ஒன்று 37ஆக இருக்கும், இல்லையா? சில்வருக்கு அது தெரியவில்லை."

"வினை புரிவது எலக்ட்ரான்கள். அவை இரண்டிலும் ஒரே எண்ணிக்கைதான். பிறகு அதற்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

பதிவேட்டில் கையெழுத்து வாங்க மறுநாள் வந்தபோது அவள் ஆள்காட்டி விரல் நுனியில் கறுப்பாக ஒரு பொட்டு இருந்தது. சில்வர் நைட்ரேட் பட்ட இடம்.